தட்டையான படங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நாட்டுப்புறக் குழந்தை உருவப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் அம்மி பிலிப்ஸ் வரைந்த சிவப்பு உடைச் சிறுமியைத் தேடிப் பார்த்தேன். உடல் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. இந்த நாட்டுப்புற ஓவியர்களுக்கு உண்மையிலேயே வரையத் தெரியுமா? குளிர்காலத்தில் தலையில்லாத உடல்களை வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு ஊர் ஊராகச் சென்று முகத்தை மட்டும் சேர்த்தார்கள் என்று சொல்லப்படுவது சரியா?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. அந்தக் கதை பலகாலமாகச் சொல்லப்பட்டு வந்தாலும் அதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஒரே உடையும் ஒரே அமைப்பும் பல படங்களில் திரும்ப வருவதே அதைக் கிளப்பியிருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு அதே காலத்து ஓவியரான வில்லியம் மேத்யூ பிரயரின் விளம்பரத்தைச் சொல்ல வேண்டும். நிழல் தீட்டாத தட்டையான படம் போதும் என்பவர்களுக்குக் கால் பங்கு விலையில் வரைந்து தருவதாக 1831இல் மெய்ன் மாநில இதழொன்றில் அவர் அறிவித்தார். முழு விலை கொடுத்தவர்களுக்கு அவரே ஒளியும் நிழலுமாக வரைந்தும் தந்தார். ஆகவே தட்டைத்தன்மையை எல்லா இடத்திலும் திறமைக்குறைவு என்று எண்ணிவிட முடியாது. படம் வரையச் சொன்ன பண்ணையாரும் கடைக்காரரும் எவ்வளவு செலவழிக்க விரும்பினார்கள் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

பிலிப்ஸின் படம் இன்னும் ஒரு படி மேலே. 1830–35 காலத்தைச் சேர்ந்த அது நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருண்ட பின்னணியின்மேல் மடிப்புகள் பெரிதும் நீக்கப்பட்ட ஒரே சிவப்புப் பரப்பாக உடை விரிகிறது. கழுத்தில் பவளமணி, கைகளில் வெள்ளைப் பூனை, காலடியில் நாய். (பவளம் குழந்தையைத் தீங்கிலிருந்து காக்கும் என்பது ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய நம்பிக்கை.) அந்தச் சிவப்பில் நிழல் புகுந்திருந்தால் பூனையின் வெண்மை இவ்வளவு துலங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

அப்போதும் ஐயம் தீரவில்லையென்றால், பிறவியிலேயே காது கேளாதவரான ஓவியர் ஜான் புரூஸ்டர் 1807இல் வரைந்த, ஒரு காலில் மட்டும் செருப்பணிந்த சிறுமியைப் பாருங்கள். மற்றச் செருப்பு அவள் கையில் இருக்கிறது; தரையின் வடிவங்கள் கறாரான கோடுகளில் ஓடுகின்றன. பார்வையாலும் சைகையாலும் உலகோடு பேசிய ஒருவர் குழந்தையின் முகத்தை எவ்வளவு நேரம் கவனித்திருப்பார் என்பதை அவள் கண்களிலேயே காணலாம்.

அன்புடன்,
ஆசிரியர்