மன உறுதி இருந்தால் மட்டும் தடைகளைத் தாண்டிவிட முடியுமா?

விபத்தில் கால் போய்ப் படுத்திருக்கிறேன், மன உறுதி இருந்தால் மீண்டு வந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் மன உறுதி என்று நான் முன்பு நினைத்திருந்தது வேறு.

2021-ல் பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து கிடந்தேன். பிசியோதெரபிஸ்ட் காலை மடக்கச் சொல்வார். ஒரு நாள் கொஞ்சம் மடங்கும். மறுநாள் வீங்கிப்போய் அந்த அளவுகூட மடங்காது. எனக்கு உறுதி போதவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

அந்த ஆகஸ்ட் 31 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான டோக்கியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டியதைப் பார்த்தேன். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் அவர் மேல் பஸ் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. அது இன்னும் ஐந்து வயதுக் காலாகவே இருக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியவர். டோக்கியோ தொடக்க விழாவில் கொடி பிடித்து நடக்க வேண்டியவரும் அவர்தான். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா இருந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார், கொடி வேறொருவர் கைக்குப் போனது.

போட்டியன்று மழை. அந்தக் காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து ஊறித் தாண்டச் சிரமப்பட்டதாகப் பிறகு சொன்னார். அப்படியும் 1.86 தாண்டினார். 1.88-ல் மூன்று முறையும் கம்பு விழுந்தது. ரியோவில் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த சாம் குரூ, தன் மூன்றாவது முயற்சியில் அதைத் தாண்டிவிட்டார். மாரியப்பனுக்கு வெள்ளி.

ரியோவுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே அவர் எவ்வளவு தாண்டினார் என்று படுக்கையிலேயே தேடிப் பார்த்தேன். 2019 உலகப் போட்டியில் 1.80 தான், வெண்கலம். தங்கம் வாங்கிய மனிதர் ஒன்பது சென்டிமீட்டர் இறங்கிய பிறகும் மறுபடி ஓடி வந்து தாண்டியிருக்கிறார். உயரம் தாண்டுதலில் ஜெயித்தவர்கூடப் பெரும்பாலும் கடைசியில் கம்பைத் தட்டிவிட்டுத்தான் முடிப்பார். அடுத்த நாள் பயிற்சியில் கம்பை மறுபடி தூக்கி வைப்பார்கள், அவ்வளவுதான். நேற்றைவிட இன்று குறைவாக மடங்கினால் தோல்வி என்று கணக்குப் போடுவதை அன்றோடு விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பாரத்தையும் உங்கள் மனசு மேலேயே ஏற்றாதீர்கள். மாரியப்பனின் அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார், வைத்தியத்துக்கு 3 லட்சம் கடன் வாங்கினார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் தாண்டச் சொன்னார். பெங்களூருவில் சத்தியநாராயணா பயிற்சி கொடுத்தார். எனக்கு என் அக்கா. தினமும் காலை ஆறு மணிக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, 'ம், மடக்கு' என்பாள். உங்களுக்கும் அப்படி யாராவது இருந்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

2024-ல் மாரியப்பன் ஜப்பானின் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85, வெண்கலம். அந்தப் போட்டியை நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். சம்மணம் போட இன்னும் வரவில்லை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டிக்கொண்டு.