மணல் இல்லாத நாவல்

அன்புள்ள அக்காவுக்கு,

படம் பார்த்துவிட்டு 'டியூன்' என்ற அறிவியல் புனைகதை வரிசையைப் படிக்க ஆரம்பித்தவன் நான். முதல் மூன்று நாவல்களையும் ஒரே மாதத்தில் முடித்தேன். நான்காவது, 'காட் எம்பெரர் ஆஃப் டியூன்', பாதியில் நிற்கிறது. சண்டை இல்லை, முன்பு வந்த ராட்சத மணற்புழுச் சவாரி இல்லை. பாதி மனிதனும் பாதி புழுவுமாக ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். எங்கள் வாசிப்புக் குழுவில் ஆறு பேர் படித்தோம். இரண்டு பேர் வரிசையிலேயே இதுதான் உச்சம் என்கிறார்கள். மூன்று பேர் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நான் இரண்டுக்கும் நடுவில். ஒரே நாவலுக்கு இப்படி இரண்டு கட்சி எப்படி வருகிறது?

எஸ்., தக்கலை

அன்புள்ள தம்பி,

நம்மூர்க்காரருக்கு இதைச் சொல்ல ரொம்ப மெனக்கெட வேண்டாம். சுளை கெட்டியான வருக்கைச் சக்கை (பலா) என்று நம்பி வெட்டியவருக்குக் கொழகொழவென்ற கூழன் வந்தால் முகம் எப்படிப் போகும்? அதே வீட்டில் கூழனுக்காகவே காத்திருக்கிற ஒருவரும் இருப்பார் (எங்கள் வீட்டில் அது அம்மா). ஆனால் இந்த வரிசையை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட் தெரிந்தேதான் கூழனை நட்டார் என்று நினைக்கிறேன்.

டியூன் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 1950களில் அமெரிக்காவின் ஆரிகன் கரையில், ஃபுளோரன்ஸ் என்ற ஊர்ப்பக்கம், மணல்மேடுகள் நகர்ந்து வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தன. அங்கே புல் நட்டு மணலைப் பிடித்து நிறுத்தினார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைக் கட்டுரை எழுதப்போனார் ஹெர்பர்ட். கட்டுரை அச்சேறவில்லை, 1965இல் நாவல் வந்தது. நம் கடற்கரையில் ராவணன் மீசையும் அடம்பன்கொடியும் காலங்காலமாகச் செய்கிற வேலைதான் அது. முதல் நாவலில், கதை நடக்கும் பாலைவனக் கிரகத்தின் குடிகளான ஃப்ரெமன் மக்கள் காணும் கனவும் அதுதான்: பாலைவனத்தில் செடி முளைக்க வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும்.

1981இல் வந்த நான்காவது நாவலில் அந்தக் கனவு பலித்துவிட்டது. முந்தைய கதை முடிந்து 3,500 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கிரகம் பச்சை. ஆறு ஓடுகிறது. தண்ணீர் புழுக்களுக்கு விஷம், அதனால் அவை செத்தொழிந்தன. மிச்சம் சரீர் என்ற ஒரு துண்டுப் பாலைவனம், அதுவும் நீங்கள் சொன்ன அந்தப் பாதிப் புழு மனிதர், பேரரசர் லேட்டோ, தனக்காகப் பாதுகாத்து வைத்திருப்பது. நீங்கள் மணலைத் தேடுகிறீர்கள், கிடைக்கவில்லை. ஃப்ரெமன்கள் கேட்டது கிடைத்ததால்தான் உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

எனக்கு இந்த நாவலில் ரொம்பப் பிடித்தது அந்த மியூசியம் ஃப்ரெமன்கள். பாலைவனத்தில் ஒரு நாள் தாங்க மாட்டார்கள், ஆனால் மூதாதையரின் சடங்குகளைப் பொருள் தெரியாமல் அப்படியே செய்துகாட்டுவார்கள். கன்னியாகுமரியில் கலர் கலராக மணலைப் பொட்டலம் கட்டி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும். மணவாளக்குறிச்சிக் கரையில் கால் வைத்தால் ஒட்டுகிற கருமணல் வேறு, பொட்டலத்து மணல் வேறு. மணல் என்னவோ இரண்டும்தான்.

அப்புறம் அந்தப் பேச்சு. லேட்டோ கணக்குப் போட்டுத்தான் அத்தனை ஆண்டுகள் அமைதியைத் திணிக்கிறார். யாரும் நினைத்த இடத்துக்குப் போக முடியாது, விண்வெளிப் பயணத்துக்கு வேண்டிய ஸ்பைஸ் என்ற பொருள் முழுக்க அவர் கையில். மனித குலத்துக்கு மூச்சு முட்டி, ஒருநாள் உடைத்துக்கொண்டு நாலா பக்கமும் சிதறி ஓட வேண்டும், இனி ஒரே ஆள் கையில் சிக்கவே கூடாது என்பது அவர் திட்டம். வாசகருக்கும் மூச்சு முட்டுகிறது.

சரி, சலிப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று சலிக்க வைக்கலாமா? தூக்கிப் போட்ட மூவர் கேட்பது நியாயம். நானே நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயிலில் இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தியவள். எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். லேட்டோ காதலிக்கும் ஹ்வி நோரீக்கு நல்லவள் என்பதைத் தாண்டி ஒரு குணமும் இல்லை. மொனேயோ மட்டும் தப்பித்தார். இளமையில் கலகக்காரர், இப்போது பேரரசரின் காரியதரிசி. கொடி பிடித்து நடந்துவிட்டுப் பிற்பாடு மேலதிகாரிக்குக் கதவு திறந்துவிடுகிறவரை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். அவர் வரும் பக்கங்களில் நாவலுக்கு உயிர் இருக்கிறது.

இந்த இரண்டு கட்சி புதிதும் இல்லை. 1969இல் வந்த இரண்டாவது நாவலையே, முதல் நாவலைத் தொடராக வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் ஜான் காம்பெல் வேண்டாம் என்று திருப்பினார். முதல் நாவலின் நாயகன் பால் (Paul) இதிலும் நாயகனாகவே நின்றிருந்தால் வாங்கியிருப்பார். நாயகர்களை நம்பிப் பின்னால் போகாதீர்கள் என்பதுதான் ஹெர்பர்ட் முதலிலிருந்தே சொல்லவந்தது. முதல் புத்தகத்தில் அது அவ்வளவாகக் கேட்கவில்லை. அவ்வளவு ருசியாக எழுதிவிட்டார், அது அவருடைய பிழைதான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். பேச்சுப் பக்கங்களை வேகமாகப் புரட்டி, பிற்பகுதியில் லேட்டோ மொனேயோவின் மகள் சியோனாவைச் சரீருக்குள் அழைத்துப்போகும் இடத்துக்கு வாருங்கள். அங்கே மணலும் தாகமும் திரும்பி வருகின்றன. அதுவும் பிடிக்கவில்லையென்றால் மூன்று பேரோடு நாலாவது ஆளாகச் சேர்ந்துகொள்ளுங்கள், நான் குறைசொல்ல மாட்டேன். தூக்கிப் போட்ட பிரதி ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். என்னுடையதில் அட்டையும் முதல் இருபது பக்கமும் போய்விட்டன.

அன்புடன்,
அக்கா