மோட்டார் கிளம்பினால் ரீசெட் ஆகும் சர்க்யூட்: ஆசிலோஸ்கோப்பில் எதைத் தேடுவது?

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலரை வைத்துச் சிறிய டிசி மோட்டார் ஒன்றை இயக்கும் சர்க்யூட்டை பிரெட்போர்டில் செய்திருக்கிறேன். மோட்டார் கிளம்பும்போது சில நேரங்களில் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடுகிறது. மல்டிமீட்டரில் 5 வோல்ட் அசையாமல் நிற்கிறது. இதற்காகவே டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் வாங்கினேன். ஆட்டோ பொத்தானை அழுத்தினால் ஏதோ கோடு ஓடுகிறது. பிழை எங்கே என்று பிடிபடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆட்டோ பொத்தானை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் அலைகளுக்கு ஏற்ற அளவுகளைத் தேடித் தருவதுதான் அதன் வேலை. உங்கள் பிழையோ எப்போதாவது ஒருமுறை வந்து, சில மில்லிவினாடிகளில் மறைந்துவிடுகிறது. மல்டிமீட்டர் வினாடிக்குச் சில முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிப்பதால் அந்தச் சரிவு அதன் கண்ணில் படவே படாது. ஆசிலோஸ்கோப்பால் பிடிக்க முடியும். ஆனால் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் இடம் டிரிகர். புதிதாகக் கற்பவர்கள் நேரத்தைச் செலவிட வேண்டியது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் முனையான புரோபைச் சரிசெய்துகொள்ளுங்கள். அதிலுள்ள சுவிட்சை, அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10 எக்ஸ் நிலையில் வைத்து, ஸ்கோப்பின் சேனல் மெனுவிலும் அதையே தேர்ந்தெடுங்கள். 5 வோல்ட் திரையில் 0.5 வோல்டாகத் தெரிந்தால் இந்தப் பொருத்தம் தவறியிருக்கிறது என்று பொருள். ஸ்கோப்பின் முகப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை இருக்கும். அதில் புரோபை மாட்டி, மூலைகள் வழியாமலும் கூராகத் துருத்தாமலும் செங்குத்தாக வரும்வரை புரோபிலுள்ள சிறு திருகைத் திருப்புங்கள்.

இப்போது சந்தேகத்துக்கு வருவோம். மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். அப்போது 5 வோல்ட் தாழ்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் சேனலை மைக்ரோகன்ட்ரோலரின் மின்வழங்கல் காலிலேயே (பின்) வையுங்கள். கிரவுண்ட் கிளிப் அதே சிப்பின் கிரவுண்ட் காலில். நிலையான மின்னழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும் டிசி கப்ளிங், செங்குத்தில் ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட், கிடையில் ஒரு கட்டத்துக்கு 5 மில்லிவினாடி. டிரிகரை இறங்குமுகமாக 4.5 வோல்டில் வைத்து, ஒருமுறை பிடித்ததும் திரையை நிறுத்திவைக்கும் சிங்கிள் பொத்தானை அழுத்திவிட்டு மோட்டாரை இயக்குங்கள். இரண்டாவது சேனலை மோட்டாரை இயக்கும் டிரான்சிஸ்டரின் உள்ளீட்டில் வைத்தால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் தெரிந்துவிடும். டிரிகர் புள்ளி திரையின் நடுவில் இருப்பதால் சரிவுக்கு முன் நடந்ததையும் காட்டுகிறது. டிஜிட்டல் ஸ்கோப்பின் மிகப் பெரிய கொடை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

திரையில் வரும் வடிவமே பாதி விடை. 5 வோல்ட் சட்டென்று இறங்கி, பல மில்லிவினாடிகள் கழித்து மெல்ல ஏறினால் மோட்டார் கேட்கும் மின்னோட்டம் சிப்புக்குப் போக வேண்டியதைப் பறிக்கிறது. உடனே புரோபையும் கிரவுண்ட் கிளிப்பையும் மின்வழங்கியின் வெளியீட்டு முனைகளுக்கு மாற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கும் சரிந்தால் மின்வழங்கியின் திறன் போதவில்லை. அங்கே நிமிர்ந்து நின்று, சிப்பில் மட்டும் சரிந்தால் நடுவிலுள்ள கம்பியும் பிரெட்போர்டுத் தொடர்புகளுமே காரணம். அரை ஓம் தடையில் 1 ஆம்பியர் பாய்ந்தாலே அரை வோல்ட் போய்விடும். மோட்டாருக்குத் தனி கம்பி இழுத்து, மின்வழங்கியின் முனையிலேயே இணைப்பது இதற்கு நல்ல மருந்து.

மோட்டார் நிற்கும் கணத்தில் ஊசிபோல் மெல்லிய கூர்முனைகள் தெரிந்தால் கதை வேறு. மோட்டாரின் சுருள் தன் ஆற்றலை வெளித்தள்ளுகிறது. அந்த ஆற்றலுக்கு வழிவிட மோட்டாருக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா, சரியான திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிப்பின் மின்கால்களுக்கு வெகு அருகில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் இருப்பதும் அவசியம்.

சரிவு எவ்வளவு ஆழம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். ஏடிமெகா328 போன்ற சிப்பில் மின்னழுத்தம் குறைந்தால் ரீசெட் ஆகும் எல்லையை 1.8, 2.7, 4.3 வோல்ட் என மூன்றில் ஒன்றாக அமைக்கலாம். உங்கள் சிப்பில் 2.7 அமைந்திருந்து, சரிவு 4 வோல்டோடு நின்றுவிட்டால் குற்றவாளி வேறு யாரோ. ரீசெட் நடந்தும் டிரிகரே ஆகவில்லை என்றால் அதுவும் நல்ல செய்திதான்: மின்வழங்கலை விட்டுவிடலாம். அடுத்து புரோபை ரீசெட் காலுக்கு மாற்றி, டிரிகரை 2.5 வோல்டில் வையுங்கள். அந்தக் கால், அதை 5 வோல்டோடு இணைத்துவைக்கும் மேலிழுப்பு ரெசிஸ்டர் இல்லாமல் தொங்கினால் மோட்டாரின் இரைச்சலையே ரீசெட் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதுவும் அசையாமல் இருந்தால் நிரல் மாட்டிக்கொண்டால் சிப்பைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர் நிரலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

திரையில் தெரிவதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. புரோபின் நீண்ட கிரவுண்ட் கம்பி ஒரு வளையமாகி, மோட்டாரின் இரைச்சலைத் தானே உள்ளிழுக்கும். சோதிப்பது எளிது: புரோப் முனையையும் கிரவுண்ட் கிளிப்பையும் ஒரே கிரவுண்ட் புள்ளியில் தொடவைத்து மோட்டாரை இயக்குங்கள். அப்போதும் ஊசிகள் தெரிந்தால் அவை உங்கள் சர்க்யூட்டில் இல்லை, புரோபில் இருக்கின்றன. புரோபோடு வந்த குட்டி ஸ்பிரிங் கிரவுண்டைப் பயன்படுத்துங்கள். அதேபோல் ஒரு கட்டத்துக்கு 1 வினாடி என்று நேரத்தை நீட்டினால் நினைவகம் போதாமல் ஸ்கோப் மாதிரி எடுக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய துடிப்புகள் தவறிப்போகும், இல்லாத மெதுவான அலைகள் முளைக்கும். மெல்லிய துடிப்புகளையும் தவறவிடாமல் பிடிக்கும் பீக் டிடெக்ட் என்ற வசதியை அப்போது இயக்கிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மின்செருகியில் இயங்கும் ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் வழக்கமாக உள்ளுக்குள் எர்த்தோடு இணைந்தே இருக்கும். எல்லாச் சேனல்களின் கிளிப்புகளும் ஒன்றுதான். கணினியின் யுஎஸ்பியில் உங்கள் போர்டு மாட்டியிருந்தால் அதன் கிரவுண்டும் எர்த்தோடு சேர்ந்திருக்கலாம். ஆகவே கிளிப்பை 5 வோல்டிலோ மோட்டாரின் முனையிலோ மாட்டினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைந்த எதையும் சாதாரண புரோபால் தொடாதீர்கள். எர்த் முனையைத் துண்டித்துவிட்டு அளக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

பழுதைச் சரிசெய்த பிறகு டிரிகரின் 4.5 வோல்ட் அளவை மாற்றாமல், டிரிகர் ஆனால் மட்டும் திரையைப் புதுப்பிக்கும் நார்மல் நிலையில் விட்டுவைத்து, மோட்டாரைப் பலமுறை கிளப்பி நிறுத்துங்கள். அச்சை ஒரு கணம் பிடித்து நிறுத்தியும் பாருங்கள். மின்னோட்டம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். அந்த நேரத்திலும் டிரிகர் ஆகாமல், சிப்பும் ரீசெட் ஆகாமல் இருந்தால் சர்க்யூட்டை பிரெட்போர்டிலிருந்து எடுத்து நிரந்தரமாகச் சாலிடர் செய்துவிடலாம்.