பழங்கள் புடைத்து நிற்கும் பழைய மஜோலிகா பீங்கான் சேகரிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் 11 வருடமாக இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பக்கம் இருக்கிறேன். பிழைக்க வந்த ஊர். நீங்கள் கேட்கும் 19-ஆம் நூற்றாண்டுச் சாமானில் பெரும்பகுதி இந்த ஊர் சூளைகளில்தான் வெந்தது என்பது, வந்து இரண்டு வருடம் கழித்து, ஏமாந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது வீட்டில் 23 உருப்படி. கீறலோ ஒட்டோ இல்லாதது அதில் ஐந்து.

ஏமாந்த கதையிலிருந்தே வருகிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மைதானத்தில் கார் டிக்கியைத் திறந்துவைத்து வீட்டில் கிடக்கும் சாமானை விற்பார்கள். பூட் சேல் என்று பெயர். அங்கே ஒரு அன்னாசி ஜாடி பார்த்தேன். மஞ்சள் உடம்பு, செதில் செதிலாக மேடு, மேலே பச்சை இலைக் கொண்டை. "விக்டோரியா காலத்தது, பாட்டி வீட்டிலிருந்து வந்தது" என்றார் விற்றவர். 60 பவுண்ட் சொன்னதை 45-க்குப் பேசி வாங்கினேன். ஜெயித்துவிட்ட நினைப்பு வேறு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் 30 வருடம் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தவர். காட்டினேன். ஜாடியின் முன்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கவிழ்த்தார். அப்புறம் ஜாடிக்குள் கையை விட்டு, வெளியே கைப்பிடி ஒட்டியிருக்கும் இடத்துக்கு நேராக உள்சுவரைத் தடவினார். "இங்க விரலை வை, டக்" என்றார். இந்த ஊரில் ஆண், பெண், தபால்காரர் என்று எல்லோரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊர் 'தம்பி' மாதிரி. வைத்தேன். சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு ஒரு ஓட்டை. மேலே ஒன்று, கீழே ஒன்று.

பழைய ஜாடியில் கைப்பிடியைத் தனியாக அச்செடுத்து, களிமண் கூழ் தடவி உடம்பில் ஒட்டுவார்கள். உள்சுவர் வழவழவென்று இருக்கும். புதுசில் உடம்பும் கைப்பிடியும் ஒரே அச்சில் ஒரே ஊற்று. கைப்பிடி உள்ளே கூடாக நின்று, சேரும் இடத்தில் ஓட்டை தெரியும். அடிப்பக்கமும் காட்டிக்கொடுத்தது: என் ஜாடியில் சுற்றிலும் ஒரு விளிம்பு, நடுவே பூச்சே இல்லாத சுண்ணாம்பு வெள்ளை. பழசில் பெரும்பாலும் அடிவரை பூச்சு இருக்கும். பூச்சு அடித்ததைச் சூளைத் தட்டில் அப்படியே வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முக்காலி மாதிரி சின்னத் தாங்கி மேல் வைத்துச் சுடுவார்கள். அந்தத் தாங்கியின் முனை பட்ட புள்ளித் தழும்புகள் அடியில் தெரியும். தடவினால் மணல் பருக்கை மாதிரி உறுத்தும். இன்றைக்கும் எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்த உறுத்தலைத்தான்.

பீங்கானில் போய் அன்னாசி ஏன் என்று கேட்பீர்கள். கொல்லிமலைச் சாலையோரம் குவித்து விற்கும் பழத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதைக் கண்ணாடிக் கொட்டகையில் கணப்பு மூட்டி வளர்த்தார்கள். விருந்து மேசையில் காட்டிவிட்டு வெட்டாமல் எடுத்து வைத்த வீடுகள் உண்டு. அந்தக் காலத்திலேயே, 1759 வாக்கில் இந்தப் பக்கத்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் நல்லதொரு பச்சைப் பூச்சைக் கண்டுபிடித்ததும், இந்த ஊர் இருக்கும் ஸ்டாஃபோர்ட்ஷர் மாவட்டத்துக் குயவர்கள் அன்னாசி வடிவத்திலும் காலிஃப்ளவர் வடிவத்திலும் தேநீர்க் குடுவை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மஜோலிகா வந்தது அதற்கு 90 வருடம் கழித்து.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏல அறிவிப்பு படிக்கும்போது உதவும். இத்தாலிக்காரர்கள் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் செய்தது மயோலிகா. மயோர்கா தீவிலிருந்து வந்த பெயர் என்பார்கள். அது வெள்ளைப் பூச்சின் மேல் தூரிகையால் எழுதிய சித்திரம். பூச்சை வெள்ளையாக்குவது வெள்ளீயம். இங்கிலாந்து மஜோலிகா வேறு ஜாதி. பிரான்ஸிலிருந்து வந்த லியோன் ஆர்னூ 1849-ல் மின்டன் ஆலையின் கலை இயக்குநர் ஆனார். பழத்தையும் இலையையும் அச்சிலேயே மேடாக எடுத்து, அதன் மேல் கண்ணாடி மாதிரி மின்னும் வண்ணப் பூச்சைத் தடவிச் சுட்டதை 1851 லண்டன் மகா கண்காட்சியில் வைத்தார்கள். அந்தப் பூச்சு காரீயம். நம் மொழியில் வெள்ளீயம், காரீயம் என்று தனித்தனியாகப் பெயர் இருப்பதால் இந்த வேறுபாடு நமக்கு ஒரு வரியில் விளங்கிவிடுகிறது. இங்கே கட்டுரை கட்டுரையாக எழுதியும் ஆட்கள் குழம்புகிறார்கள்.

காரீயப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. சூளையில் உருகி ஓடும். இலை நரம்பின் பள்ளத்தில் போய்த் தேங்கிக் கருக்கும். மேட்டில் மெலிந்து வெளுக்கும். தாமிரம் பச்சை தரும், கோபால்ட் நீலம், மாங்கனீசு திராட்சையின் கருஞ்சிவப்பு. நல்ல மின்டன் திராட்சைக் கொத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு பழத்தின் அடியிலும் நிழல் விழுந்த மாதிரி இருக்கும். அந்த நிழலை யாரும் தீட்டவில்லை. மலிவான புதுசில் பெயின்ட் அடித்த மாதிரி எங்கும் ஒரே கனம், ஒரே நிறம், பழத்தின் சிவப்பு இலைக்குள் வழிந்திருக்கும்.

முத்திரைக்கு வருவோம். மின்டன் என்று மண்ணில் அழுத்தியிருந்தால் 1872 வரை. 1873 முதல் பெயரின் கடைசியில் 'எஸ்' சேரும். பக்கத்தில் வருடத்துக்கு ஒரு சின்னமும் இருக்கும். வெட்ஜ்வுட் ஆலை 1860-ல் மஜோலிகாவில் இறங்கியது. மாதம், குயவர், வருடம் என்று மூன்று எழுத்து அழுத்துவார்கள். சாய்சதுர வடிவில் ஒரு முத்திரை இருந்தால் அது 1842 முதல் 1883 வரை இருந்த வடிவமைப்புப் பதிவு. பதிவான தேதியைத்தான் அது சொல்லும், செய்த தேதி பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். வெறுமனே 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிறகு. அமெரிக்கா இறக்குமதிச் சட்டத்தை மாற்றியதால் வந்த வழக்கம் அது.

எனக்குப் பிடித்த பின்பக்கம் ஜார்ஜ் ஜோன்ஸ் ஆலையுடையது. மின்டனில் இருந்தவர், 1861 வாக்கில் தனியாகத் தொழில் தொடங்கியவர். இவருடைய ஸ்ட்ராபெர்ரித் தட்டுக்குத்தான் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள்: ஒரு பக்கம் இலையும் பழமும் பூவும், இன்னொரு பக்கம் கிரீமுக்கும் சர்க்கரைக்கும் தனிக் குழி, சிலவற்றில் விளிம்பில் ஒரு குருவி. கவிழ்த்தால் ஆமை ஓடு மாதிரி பச்சையும் பழுப்பும் கலந்த திட்டு. நடுவில் பெருவிரல் ரேகை வைத்த அளவு மட்டும் வண்ணம் இல்லாமல் விட்டு, அதில் கையால் வடிவ எண் எழுதியிருக்கும். ஆலைப் பெயர் இல்லாமலே அந்த வெள்ளைத் திட்டு ஒன்றை வைத்து ஆளை அடையாளம் சொல்கிறார்கள். நல்ல நிலையில் இருந்தால் விலை நூற்றுக்கணக்கான பவுண்டில் போகும். என்னிடம் ஒன்று இருக்கிறது. குருவிக்குத் தலை இல்லை. அதனால்தான் எனக்குக் கட்டுப்படியானது.

தலையை ஒட்டவைத்து விற்பதுதான் போலியைவிடப் பெரிய தொல்லை. ஆள் அசல், ஊர் அசல், ஆனால் மூன்றில் ஒரு பங்கு நேற்று அடித்த பெயின்ட். 10 பவுண்டுக்கு யூவி டார்ச் (புற ஊதா ஒளி விளக்கு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்தால் பழுதுபார்த்த இடம் மட்டும் திட்டாகப் பால் நிறத்தில் ஒளிரும். டார்ச் இல்லாவிட்டால் நகத்தால் சுண்டுங்கள். அம்மா மண்பானை வாங்கும்போது விரலை மடக்கிச் சுண்டிக் காதைக் கொடுப்பாளே, அதேதான். மஜோலிகா மொத்தமான மண், மெல்லிய பீங்கான் மாதிரி கணீரென்று பாடாது. ஆனாலும் விரிசல் விட்டது 'பொத்' என்று சொல்லிவிடும். பின்பக்கம் செம்புக் கம்பியால் தையல் போட்ட பழைய பழுது கிடைத்தால் தயங்காமல் வாங்குவேன். அதில் மறைப்பு எதுவும் இல்லை.

இனி அம்மா கதை. போன வருடம் வந்திருந்தபோது, நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அந்தத் தலையில்லாக் குருவித் தட்டில் நறுக்கிய எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். சாயங்காலம் பார்த்ததும் பிடுங்காத குறையாக எடுத்தேன்.

"பழம் போட்ட தட்டுலதானேடா பழம் வெச்சேன்?"

"ஈயம்மா அது. புளிப்பு பட்டா கரையும்."

"ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தானேடா உன்னை வளர்த்தேன்?"

"அது வெள்ளீயம். இது காரீயம்."

"அப்ப எதுக்குடா இதுக்கு இவ்வளவு காசு?"

கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் விஷயம் விளையாட்டில்லை. புளிப்புள்ள எதையும் இதில் வைக்காதீர்கள், பூச்சு வெடித்த தட்டில் சாப்பிடவே வேண்டாம். இந்தப் பூச்சைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். காரீயம் உடம்பில் ஏறி, மணிக்கட்டு துவண்டு, கண் போய், கரு கலைந்து அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வேதியியலாளர் தோர்ப்பும் மருத்துவர் ஆலிவரும் சேர்ந்து 1899-ல் அரசுக்கு இதைப் பற்றி அறிக்கையே கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு தடவை இதைக் கேட்டேன். தன் பாட்டி கை பற்றி ஒரு வார்த்தை சொன்னார், பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஊறவும் போடாதீர்கள், வலை மாதிரி வெடித்த பூச்சு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கறை நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால் மின்டனிலும் ஜார்ஜ் ஜோன்ஸிலும் தொடங்காதீர்கள். அவற்றை மியூசியத்தில் பாருங்கள். இந்த ஊரின் ஹான்லி பகுதியில் இருக்கும் பாட்டரீஸ் மியூசியத்துக்குக் கட்டணம் கிடையாது. காசைப் பிரான்ஸ் பக்கம் போடுங்கள். லொரேன் பகுதியில் இருந்த சார்கெமின் ஆலை பீச், செர்ரி, பேரிக்காய், திராட்சை என்று புடைப்புப் பழத் தட்டுகளை ஏராளமாகச் செய்து தள்ளியது. பின்னால் ஆலைப் பெயர் தெளிவாக இருக்கும், ஒரு தட்டு 20, 25 பவுண்டுக்கு நான் வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் இருப்பவர் பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில் ஊரில் 1879-லிருந்து செய்த 'எட்ருஸ்கன்' வகையைத் தேடலாம். ஒரு பெரிய மளிகை நிறுவனம் பேக்கிங் பவுடர் வாங்கியவர்களுக்கு இதை இலவசமாகக் கொடுத்ததால் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. நம் வீட்டுப் பாதி டம்ளர்கள் வந்த வழிதான். போர்ச்சுகலின் கால்தஸ் த ரைன்யா ஊர்ச் சாமானில் மட்டும் கவனம் வேண்டும். கேலிச்சித்திரக்காரர் ரஃபேல் போர்டலோ பின்யெய்ரோ 1884-ல் தொடங்கிய ஆலை இன்றும் முட்டைக்கோஸ் இலைத் தட்டு செய்துகொண்டிருக்கிறது. அழகானவை, புதுசு என்று தெரிந்து வாங்கினால் தப்பில்லை.

முதல் தட்டை உடைந்ததாகவே வாங்குங்கள். நான் செர்ரி போட்ட சார்கெமின் தட்டு ஒன்றை, இரண்டு துண்டாக, 4 பவுண்டுக்கு வாங்கினேன். உடைந்த ஓரத்தில் மண்ணின் நிறம் தெரிகிறது, அதன் மேல் பூச்சு எவ்வளவு கனம் என்று தெரிகிறது. பின்பக்கத் தழும்பை வேண்டிய மட்டும் தடவலாம். ஒரு பாதியைத் துண்டில் சுற்றிச் சந்தைக்கு எடுத்துப் போகிறேன், சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க. இன்னொரு பாதியில் மனைவி வீட்டுச் சாவி போடுகிறாள்.