‘குடும்பச் சூழல் காரணமாக’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: நான் 14 பேர் கொண்ட குழுவுக்கு மேலாளர். மகனுக்கு 5 வயது. மாமியார் படுக்கையில் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக என் குழு இலக்கைத் தவறவிட்டதே இல்லை. ஆனாலும் இந்த முறை மதிப்பீட்டில் ‘ஈடுபாடு குறைந்துள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். மாலை 7 மணிக்கு வைக்கும் கூட்டங்களில் நான் இருப்பதில்லையாம். “குழுப் பொறுப்பு இல்லாத வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் சுலபம். ஒரு கடிதம் மட்டும் கொடுத்துவிடுங்கள்” என்கிறார் உயரதிகாரி. சரியாகத் தூங்கிப் பல வாரம் ஆகிறது. அவர் சொல்வதே சரியோ என்றும் தோன்றுகிறது. கடித வரைவை இணைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி.

வரைவைப் படித்தேன். ‘குடும்பப் பொறுப்புகள் காரணமாக மேலாளர் பணியில் என்னால் முழுக் கவனம் செலுத்த இயலவில்லை. என் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றம் கோருகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்களை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்: வேலையில் குறை இருந்தது, மாற்றத்தைக் கேட்டதும் நீங்கள்தான். இரண்டுமே உண்மையில்லை. நாளைக்குச் சம்பளம் குறைந்தாலோ, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டாலோ, எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது இந்தக் காகிதத்தைத்தான். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். எல்லோருமே களைத்துப்போயிருந்த ஒரு நாளில் போட்ட கையெழுத்து அது.

‘குடும்பம் இருக்கிறது, அதனால் பொறுப்பு தாங்கமாட்டார்’ என்ற வாதம் பழையது. நீதிமன்றங்களுக்கும் பழக்கமானது. பள்ளி செல்லும் வயது வராத குழந்தை இருக்கும் பெண்களை வேலைக்கு எடுக்க மறுத்த ஒரு நிறுவனம், அதே நிலையிலிருந்த ஆண்களை எடுத்துக்கொண்டது. தாய்க்கு ஒரு விதி, தந்தைக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாது என்று 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில், வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி. பி. முத்தம்மா பதவி உயர்வு மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் போனார். திருமணமான பெண் அதிகாரியின் குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்ற விதி அப்போது இருந்தது. வழக்கு நடக்கும்போதே அவருக்கு உயர்வு கிடைத்துவிட்டது. ஆனாலும் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியை விடவில்லை: அதே இடையூறு ஆண் அதிகாரிக்கும் வரலாமே என்று கேட்டார். 2020இல் ராணுவப் பெண் அதிகாரிகளின் வழக்கில், தாய்மையையும் வீட்டுப் பொறுப்பையும் காட்டி அவர்களைத் தலைமைப் பொறுப்புகளிலிருந்து மொத்தமாக விலக்கிவைக்க முடியாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் வழக்குக்கும் ‘ஆணுக்கும் இதே விதிதானா?’ என்ற அந்தக் கேள்விதான் அச்சாணி. 7 மணிக் கூட்டத்துக்கு வராத ஆண் மேலாளர் யாராவது உண்டா? அவருடைய மதிப்பீட்டிலும் ‘ஈடுபாடு குறைவு’ என்று இருக்கிறதா? விதி எல்லோருக்கும் பொது என்று நிறுவனம் சொன்னாலும் கவலைப்படாதீர்கள். பொதுவாகத் தெரியும் ஒரு விதி பெண்களையே அதிகம் பாதித்து, அதற்கு வேலை சார்ந்த நியாயமும் இல்லையென்றால், அதை மறைமுகப் பாகுபாடு என்று பல நாட்டுச் சட்டங்கள் ஏற்கின்றன. வேலை நேரத்துக்குள் முடிக்கக்கூடிய கூட்டத்தை ஏன் 7 மணிக்கு வைக்கிறார்கள் என்று அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 156ஆவது ஒப்பந்தமும் (1981) உங்களுக்குத் துணை. குடும்பப் பொறுப்பு என்பதை மட்டுமே காரணமாக்கி யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காவிட்டாலும் வாதத்துக்கு உதவும்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்தியா உட்படச் சில நாடுகளில் தொழில் தகராறுகள் பற்றிய சட்டம் சொல்லும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் மேலாளர் வருவதில்லை. அதனால் அந்தத் தகராறுகளை விசாரிக்கும் மன்றத்தின் கதவு உங்களுக்குத் திறக்காமல் போகலாம். அப்போது உங்கள் கையில் இருப்பவை பணி ஒப்பந்தம், நிறுவனத்தின் சொந்த விதிகள், பாகுபாட்டுக்கு எதிரான சட்டம், இவைதான். நியமனக் கடிதத்தில் பதவி, வேலை நேரம், இடமாற்றம் பற்றிய பகுதிகளை இன்றே எடுத்துப் படியுங்கள்.

அப்புறம், உயரதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். ‘இன்ன தேதியில் நாம் பேசியபோது பொறுப்பு மாற்றம் கேட்டுக் கடிதம் தருமாறு நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அப்படி ஒரு விருப்பம் இல்லை. என் குழு இரண்டு ஆண்டும் இலக்கை எட்டியிருக்கிறது. மாலைக் கூட்டங்களை வேலை நேரத்துக்குள் மாற்ற வேண்டுகிறேன்.’ இவ்வளவு போதும். மாமியார் நிலையை அதில் விளக்க வேண்டாம். மதிப்பீட்டுக்குத் தனியாக எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். அதற்குக் கெடு இருந்தால் தவறவிடாதீர்கள்.

தூக்கமில்லை என்கிறீர்களே, அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். உடல்நலம்தான் முதல் காரணம், மருத்துவர் எழுதும் குறிப்பு பின்னால் ஆவணமாகவும் நிற்கும் என்பது இரண்டாவது. ‘அவர் சொல்வதே சரியோ’ என்ற எண்ணமும் தூக்கமில்லாத இரவுகளில்தான் வருகிறது. இலக்கு அறிக்கையை எடுத்துவைத்துப் பகலில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

உண்மையிலேயே கொஞ்ச காலம் சுமையைக் குறைக்க விரும்பினால் அதையும் கேட்கலாம். பதவி, சம்பளம் மாறாமல், எத்தனை மாதம் என்று தேதி போட்டு, பழைய பொறுப்புக்குத் திரும்பும் உறுதியோடு கேளுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வந்ததும், அல்லது பதிலே வராமல் இரண்டு வாரம் கழிந்ததும், உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். பாகுபாட்டுப் புகாருக்குச் சில இடங்களில் சில மாதங்களே அவகாசம்.