மாடல் கிட் ஏலம்: பெட்டியும் பெட்டிக்குள் இருப்பதும் – கேள்வி பதில்

கேள்வி: தந்தையார் சேர்த்துவைத்த இருபது பிளாஸ்டிக் விமான கிட்கள் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரிகள்) என்னிடம் உள்ளன. எவற்றுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எப்படி அறிவது?

பதில்: ஏலத் தளத்தில் ஒருவர் எழுதிவைத்திருக்கும் தொகை அவருடைய விருப்பம் மட்டுமே. தேடலில் 'விற்றவை' என்பதைத் தேர்ந்து, அதே கிட் உண்மையில் என்ன தொகைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, பாகங்களை வார்க்கும் அச்சின் வரலாற்றைப் பாருங்கள். நிறுவனம் மறைந்த பிறகும் அதன் அச்சு பல்லாண்டுகள் உழைக்கும். பிரிட்டனின் ஃப்ராக் என்ற கிட் நிறுவனம் 1976இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் அச்சுகளில் பல சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, அவற்றில் வார்த்த கிட்கள் நோவோ என்ற பெயரில் வெளிவந்தன. அமெரிக்க கிட் நிறுவனமான மோனோகிராம் 1986இல் இன்னொரு கிட் நிறுவனமான ரெவெலுடன் இணைந்த பிறகு, அதன் அச்சுகளில் வார்த்தவை ரெவெல் பெட்டிகளிலும் கிடைத்தன. ஒரே பாகங்கள் இரு வேறு பெட்டிகளில் இருக்கும்போது, கட்டுபவர் பாகங்களுக்காகவும் சேகரிப்பவர் பெட்டிக்காகவும் பணம் தருகிறார்கள். பழைய அச்சு மறுபடி வெளியிடப்பட்டால் முதலாமவர் விலகிவிடுவார், இரண்டாமவர் பெரும்பாலும் நிற்பார். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் ஏராளமான கிட்களின் வம்சாவளி இருக்கிறது. விற்பனைக்கு இடும் முன் இருபதையும் அங்கே தேடிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் 1/35 அளவில் (உண்மையான அளவில் 35இல் ஒரு பங்கு) ஒரு டாங்கி கிட் உள்ளது. எவ்வளவு போகும்?

பதில்: மேலே சொன்னபடி 'விற்றவை' பகுதியைப் பாருங்கள்.

கேள்வி: டீகால் தாள் (நீரில் நனைத்து மாதிரியில் ஒட்டும் சின்னங்கள் உள்ள தாள்) மஞ்சளாகிவிட்டது. அப்படியே விற்கலாமா?

பதில்: தாராளமாக விற்கலாம், ஆனால் அதன் படத்தைத் தெளிவாகக் காட்டுங்கள். வாங்குபவருக்கும் ஒரு வழி உண்டு. ஒளி ஊடுருவும் உறையில் தாளை இட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெரும்பாலும் வெளுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை நொறுங்குதல். தேவைப்படாத ஒரு டீகாலை நீரில் இட்டுப் பாருங்கள். அது சிதறினால், மற்றவற்றின்மேல் திரவ டீகால் பூச்சு ஒன்று தடவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பிரிக்கப்படாத பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. பெட்டியை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் சுருக்குத்தாளை யாரும் மறுபடி சுற்றிவிட முடியும். உண்மையிலேயே பிரிக்கப்படாத பெட்டிக்குள்ளும் கேடு நடக்கும். மென்மையான வினைல் டயர் பல ஆண்டுகள் பாலிஸ்டைரீன் (கிட்டின் கடினப் பிளாஸ்டிக்) பாகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வினைலில் உள்ள மென்மையூட்டி கசிந்து அந்தப் பாகத்தை இளக்கிவிடுகிறது. கார் கிட்களில் இந்தக் காயத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரித்த பெட்டியானால் ஒவ்வொரு ஸ்ப்ரூவின் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின்) படத்தையும் கேளுங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஏலத்தில் எப்போது தொகை கேட்பது நல்லது?

பதில்: கடைசி நொடிகளில், ஒரே முறை, உங்கள் உச்சத்தொகையோடு.

மறுப்பு: இது முறையல்ல. பிறருக்கு யோசிக்க நேரம் தராமல் பறித்துக்கொள்வதைத் தாங்களே பரிந்துரைக்கலாமா? மேலும், நம் உச்சத்தொகை வரை தளமே நமக்காக உயர்த்திக் கேட்கும் தானியங்கிக் கேட்பு இருக்கும்போது முதல் நாளே உச்சத்தொகையைக் குறித்துவிட்டால் போதுமே.

பதில்: விரிவான பதிலுக்கு உரிய மறுப்பு இது. நீங்கள் 100 என்று உச்சம் குறித்து, அடுத்தவரின் உச்சம் 60 ஆக இருந்தால், 60க்கு மேல் ஒரு படி மட்டுமே செலுத்துவீர்கள். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்த, வென்றவர் இரண்டாவது உயர்ந்த தொகையைச் செலுத்தும் 'இரண்டாம் விலை' ஏலத்துக்கு நெருக்கமானது இந்த முறை. எல்லோரும் தம் உண்மையான உச்சத்தைக் குறித்தால் நேரம் பொருட்டல்ல என்னும் அளவில் உங்கள் வாதம் சரி. ஆனால் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. முந்தப்பட்டதும் சிறிது சிறிதாக உயர்த்துபவர் பலர். நீங்கள் முன்னதாகக் கேட்டால் அவருக்கு ஆறு நாள் அவகாசம் தருகிறீர்கள். அதைவிட முக்கியமான காரணம் அறிவு. 'பழைய விமானப் பொம்மைகள்' என்று விற்பவர் எழுதிய தொகுப்பில் அரிய கிட் ஒன்று இருப்பதை நீங்கள் கண்டுகொண்டீர்கள் என்றால், நீங்கள் கேட்கும் தொகையே மற்றவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஈபேயில் கணினி ஏலங்களைவிடப் பழம்பொருள் ஏலங்களில் கடைசி நேரக் கேட்பு அதிகம் என்று கண்டார்கள்.

மறுப்பு (அதே அன்பர்): அப்படியானால் ஏல விதியே குறையுடையது அல்லவா?

பதில்: குறை என்று சொல்ல மாட்டேன், விதி வேறானால் நடத்தையும் வேறாகிறது என்பேன். அமேசான் முன்பு நடத்திய ஏலங்களில், கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது தொகை கேட்டால் முடிவு நேரம் தள்ளிப்போகும். அங்கே இந்தப் பழக்கம் மிகக் குறைவாக இருந்ததும் அதே ஆய்வில் உள்ளது. அறிவிக்கப்பட்ட விதிக்குள் தாமதமாகக் கேட்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. விற்பவரே வேறொரு கணக்கிலிருந்து தொகையை ஏற்றிவிடுவதுதான் மோசடி; நம் கோபம் அங்கே திரும்பட்டும்.

கேள்வி: கிட்டோடு எனாமல் பெயின்ட்டும் பசையும் சேர்த்து அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அவை தீப்பற்றக்கூடியவை, விமான அஞ்சலில் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி: 1/48 கிட் ஒன்று உள்ளது, என்ன விலை வரும்?

பதில்: இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது. முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: படம் கேட்காமல் வாங்கிவிட்டேன்; விமானி அறையின் கண்ணாடி மூடி இல்லை. இனி என்ன செய்வது?

பதில்: இன்றே, தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே, எல்லா ஸ்ப்ரூக்களின் படத்தோடும் விற்பவருக்கு எழுதுங்கள், தனி மின்னஞ்சலில் பேசினால் தளம் சாட்சியாக நிற்காது. திருப்பி அனுப்புவதற்கான கெடு முடியும் முன் முறையீட்டையும் பதிந்துவிடுங்கள். கிட்டை வைத்துக்கொள்ள விரும்பினால் பகுதித் தொகையைத் திருப்பிக் கேட்கலாம். புகழ்பெற்ற விமானங்களுக்கு வெற்றிட முறையில் வார்த்த மூடிகள் தனியாக விற்கப்படுகின்றன. அதை வாங்கும் முன் அளவு 1/72ஆ 1/48ஆ என்பதோடு, எந்த நிறுவனத்தின் கிட்டுக்காகச் செய்தது என்பதையும் பாருங்கள்.