உங்கள் ஷெர்மன் எம்-50-ஆ, எம்-51-ஆ? முதலில் ட்ராக்கை அளந்து பாருங்கள்

கேள்வி: 1/35 அளவில் இஸ்ரேலிய ஷெர்மன் டாங்கி மாடல் கிட் ஒன்று வாங்கினேன். அட்டையில் ‘சூப்பர் ஷெர்மன்’ என்று இருக்கிறது. உள்ளே 105 மி.மீ. பீரங்கி. ‘ஐஷெர்மன்’ என்பதுதான் சரியான பெயர் என்கிறார் நண்பர். நான் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் ஒவ்வொரு டாங்கியும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. 1967 போரில் பங்கெடுத்த டாங்கியாகச் செய்ய ஆசை. என்னிடம் இரண்டாம் உலகப்போர் காலத்து ஷெர்மன் கிட் ஒன்றும் பிரிக்காமல் கிடக்கிறது. அதை எம்-50 ஆக மாற்ற முடியுமா?

பதில்: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். அமெரிக்கர்கள் ஷெர்மனை உடற்பகுதியையும் எஞ்சினையும் வைத்துப் பிரித்தார்கள். எம்4ஏ1, எம்4ஏ2, எம்4ஏ3 என்ற வரிசை அப்படி வந்தது. இஸ்ரேலிய ராணுவம் டாங்கியில் எந்தப் பீரங்கி இருக்கிறது என்பதைப் பார்த்தே பெயர் வைத்தது. எம்3 என்ற 75 மி.மீ. பீரங்கி இருந்தால் அது ‘ஷெர்மன் எம்-3’. குட்டைக் குழல் கொண்ட 105 மி.மீ. ஹோவிட்சர் இருந்தால் ‘ஷெர்மன் எம்-4’. எம்1 என்ற 76 மி.மீ. பீரங்கி இருந்தால் ‘ஷெர்மன் எம்-1’. அந்த எம்-1-களில் அகலமான புதுச் சக்கர அமைப்பு கொண்டவற்றைத்தான் ‘சூப்பர் ஷெர்மன்’ என்றார்கள். பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கி ஏற்றியது எம்-50, பிரெஞ்சு 105 மி.மீ. பீரங்கி ஏற்றியது எம்-51. ஆக, ஹோவிட்சர் அல்லாத 105 மி.மீ. பீரங்கி உள்ள உங்கள் டாங்கி எம்-51. சூப்பர் ஷெர்மன் என்ற பெயர் அதற்கு உரியதல்ல. ‘ஐஷெர்மன்’ வெளிநாட்டில் பிறந்த பெயர், இஸ்ரேலிய ராணுவம் அதைப் பயன்படுத்தியதில்லை. அட்டைப் பெயரை நம்பி உதிரிப்பாகம் வாங்குபவர்கள் தவறான பாகங்களோடு வீடு திரும்புவது இதனால்தான். உதிரி வாங்கும்போது பீரங்கியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பீரங்கிகளின் கதையைத் தெரிந்துகொண்டால் வெளித்தோற்றம் தானாகவே புரியும். 1950-களில் ஷெர்மனின் 75 மி.மீ. பீரங்கி காலாவதியாகிவிட்டது. பிரான்சின் ஏஎம்எக்ஸ்-13 இலகு டாங்கியில் இருந்த நீளமான 75 மி.மீ. பீரங்கியை ஷெர்மனின் பழைய சிறிய சுழல்கோபுரத்துக்குள் பொருத்த முடிவு செய்தார்கள். எம்-50 என்ற பெயரில் உள்ள ஐம்பது அந்தப் பீரங்கியின் 1950-ஆம் ஆண்டு மாடலைக் குறிக்கிறது. கோபுரமோ சிறியது, பீரங்கி சுடும்போது பின்னால் பாய்வதற்கு இடம் போதவில்லை. ஆகவே கோபுரத்தின் முகப்பை முன்னால் நீட்டினார்கள். முன்பக்கம் பாரம் கூடியதும் பின்னால் ஒரு கனத்த எடைக்கட்டியைப் பற்றவைத்தார்கள். நீண்ட மூக்கும் புடைத்த பின்புறமும்தான் எம்-50-இன் அடையாளம். பக்கவாட்டுப் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் இந்த இரண்டும் தெரிந்துவிடும்.

எம்-51 இன்னொரு படி மேலே போனது. பிரெஞ்சு 105 மி.மீ. பீரங்கியைக் குட்டையாக்கி, 76 மி.மீ. ஷெர்மனுக்கு உரிய பெரிய சுழல்கோபுரத்தில் ஏற்றினார்கள். எதிர்விசையைக் குறைக்கக் குழலின் முனையில் பெரிய மசில் பிரேக் வந்தது. ஷெர்மன் குடும்பத்தில் இவ்வளவு பெரிய குழல்முனை வேறு எதற்கும் கிடையாது. இந்தக் கோபுரத்துக்கும் பின்னால் எடைக்கட்டி உண்டு. உடற்பகுதி பெரும்பாலும் எம்4ஏ1, அதாவது முழுவதும் வார்ப்பில் செய்யப்பட்ட, ஓரங்கள் உருண்ட உடல். தட்டையான தகடுகளைப் பற்றவைத்த உடலோடு உங்கள் கிட் வந்திருந்தால் ஒட்டத் தொடங்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.

எம்-50-க்கு அப்படி ஒரே உடல் கிடையாது. 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்குக் கிடைத்த ஷெர்மன்கள் இத்தாலியின் பழைய இரும்புக் கிடங்குகள் உட்படப் பல இடங்களிலிருந்து வந்தவை. கைக்கு வந்த உடலையெல்லாம் பட்டறையில் சீர்செய்து எம்-50 ஆக்கினார்கள். வார்ப்பு உடல், பற்றவைத்த உடல், ஓட்டுநரின் கதவு சிறியது, பெரியது, எம்4ஏ4-இன் நீண்ட உடல் என்று எல்லாமே உண்டு. உங்கள் படங்களில் டாங்கிகள் வெவ்வேறாக இருப்பது இந்த வரலாற்றின் விளைவு. இதைத் தவறு என்று நினைத்து ‘சராசரி எம்-50’ ஒன்றைச் செய்ய முயலாதீர்கள். அப்படி ஒரு டாங்கி இருந்ததே இல்லை. ஒரே ஒரு டாங்கியின் படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் தெரிவதை மட்டும் செய்யுங்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இனி ட்ராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. எம்-50-இல் இரண்டு பிரிவுகள் உண்டு. மார்க் 1 பழைய கான்டினென்டல் பெட்ரோல் எஞ்சினோடு, சுருள்வில் செங்குத்தாக நிற்கும் விவிஎஸ்எஸ் சக்கர அமைப்பில் ஓடியது. 1956 சினாய்ப் போரில் இறங்கியவை இவையே. பிறகு 460 குதிரைத்திறன் கொண்ட கம்மின்ஸ் டீசல் எஞ்சினும், வில் படுக்கையாக அமைந்த எச்விஎஸ்எஸ் சக்கர அமைப்பும் வந்தன. அது மார்க் 2. எம்-51-க்கு எச்விஎஸ்எஸ் மட்டுமே.

இரண்டையும் படத்தில் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். ட்ராக்கின் மேல்பகுதியைத் தாங்கும் சிறு உருளையைப் பாருங்கள். அது சக்கரக் கூட்டோடு சேர்ந்திருந்தால் விவிஎஸ்எஸ். கூட்டிலிருந்து விலகி டாங்கியின் உடலில் தனியாகப் பொருத்தப்பட்டிருந்தால் எச்விஎஸ்எஸ். முன்னிருந்து எடுத்த படமென்றால் ட்ராக்கின் அகலமே போதும். விவிஎஸ்எஸ் ட்ராக் சுமார் 42 செ.மீ. அகலம், 1/35 அளவில் 12 மி.மீ. எச்விஎஸ்எஸ் ட்ராக் சுமார் 58 செ.மீ., மாடலில் 16.7 மி.மீ. கிட்டில் உள்ள ட்ராக்கின் மேல் அளவுகோலை வையுங்கள், அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

உங்கள் பழைய கிட்டை எம்-50 ஆக மாற்றலாம். ஆனால் பீரங்கிக் குழலை மட்டும் மாற்றினால் எம்-50 வந்துவிடாது. நீட்டிய முகப்பும் எடைக்கட்டியும் கொண்ட முழுக் கோபுரம் வேண்டும். ரெசினில் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குவதே உத்தமம். அப்படிச் செய்தால் பழைய சக்கர அமைப்பை அப்படியே வைத்து, 1956-ஐச் சேர்ந்த மார்க் 1 ஆகக் கட்டுங்கள். அது ஏறத்தாழ நேரான வேலை. மார்க் 2 வேண்டுமானால் சக்கரங்கள், ட்ராக், அகன்ற ட்ராக்கை மூடும் மட்கார்டு, கம்மின்ஸ் எஞ்சினுக்காக மாற்றிய எஞ்சின் மேல்தளம் எல்லாமே புதிதாகத் தேவைப்படும். எஞ்சின் மேல்தளத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் 1967, பின்பக்கம் 1944 என்று நிற்கும் மாடல்களைப் போட்டிகளில் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அவ்வளவு உழைப்பைப் போட்டவர் பின்பக்கப் படம் ஒன்றையும் தேடியிருக்கலாம்.

படம் தேடும்போது மூன்று பொறிகளில் சிக்காதீர்கள். ஏஎம்எக்ஸ்-13-இன் கோபுரமே முழுதாக ஷெர்மன் மேல் உட்கார்ந்திருந்தால் அது எகிப்தின் மாற்றம். போரில் கைப்பற்றப்பட்ட அத்தகைய டாங்கிகள் சில இஸ்ரேலியப் படங்களில் வருவதால் குழப்பம் ஏற்படுகிறது. மெல்லிய நீண்ட 60 மி.மீ. பீரங்கி கொண்ட எம்-50 சிலி நாட்டுக்குப் போனது. மூன்றாவது நமக்கு நெருக்கமானது. இந்தியத் தரைப்படையும் தன் ஷெர்மன்கள் சிலவற்றில் அதே பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியைப் பொருத்தியது. 1965 போரோடு தொடர்புடைய அந்த டாங்கிகளை எம்-50 என்று பெயரிட்டுப் பகிர்கிறார்கள். பீரங்கி ஒன்றுதான், மாற்றிய விதம் வேறு. இந்திய ஷெர்மன் தனியாகக் கட்டத் தகுந்த அருமையான பொருள். அதை இஸ்ரேலிய மாடலுக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஷெர்மனில் ஓட்டுநர் டாங்கியின் இடப்பக்கம் உட்காருவார். முன்புற இயந்திரத் துப்பாக்கியின் இடம் வலப்பக்கம். இது மாறித் தெரிந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். எபிரேய எழுத்தும் இடவலம் மாறிப் போயிருக்கும். அதைப் பார்த்து டெக்கல் (குறியீட்டு ஒட்டுப்படம்) ஒட்டினால் அவ்வளவும் வீண்.

இஸ்ரேலின் லாத்ருனில் உள்ள கவசப் படை அருங்காட்சியகத்தில் இந்த டாங்கிகள் திறந்த வெளியில் நிற்கின்றன. பழைய கோட்டைக் கட்டடத்தை ஒட்டிய கோபுரத்தின் உச்சியில்கூட ஒரு ஷெர்மனை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே எடுத்த படங்கள் பற்றவைப்பு, திருகு, வார்ப்பின் சொரசொரப்பு ஆகியவற்றுக்கு மிகச் சிறந்தவை. நிறத்துக்கும் குறியீட்டுக்கும் அவற்றை நம்பாதீர்கள். காட்சிக்காகப் பலமுறை சாயம் பூசப்பட்டவை அவை.

நிறத்தைப் பற்றி நீண்ட சண்டைகள் நடக்கின்றன. பொதுவாக ‘சினாய் கிரே’ என்று சொல்லப்படும், சாம்பலும் மணலும் லேசான பச்சையும் கலந்த நிறம் காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கிறது. வெயில் அதை மேலும் வெளுத்துவிடும். சாயப் புட்டியில் எழுதியிருக்கும் ஆண்டைவிட நீங்கள் தேர்ந்தெடுத்த களத்தின் மண் முக்கியம். சினாய் என்றால் வெளிர் மணல். கோலான் மேட்டுநிலம் என்றால் எரிமலைப் பாறை உள்ள நிலம், மண் கரும்பழுப்பு. 1967 ஜூன் 9 அன்று ஆல்பர்ட் மெண்ட்லரின் 8-ஆவது கவசப் படைப்பிரிவின் ஷெர்மன்கள் கோலானின் கலா கிராமம் நோக்கிச் செங்குத்துச் சரிவில் ஏறின. அந்தக் காட்சியைச் செய்தால் சக்கரங்களில் மஞ்சள் மணலைத் தூவாதீர்கள். பழுப்பு மண்ணும் கருங்கல் துகளும் வேண்டும்.

குறியீடுகளில் குழலைச் சுற்றிய வெள்ளை வளையங்கள் பட்டாலியனைக் காட்டும். பக்கவாட்டில் உள்ள ‘வி’ வடிவத்தின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைக் கொண்டு கம்பெனியை அறியலாம். எண்ணும் எபிரேய எழுத்தும் சேர்ந்து வருவது பிளட்டூனையும் அதற்குள் அந்த டாங்கியின் இடத்தையும் சொல்லும். கருப்புத் தகட்டில் வெள்ளையாக உள்ள பதிவெண்ணோடு ‘த்சாதி’ என்ற எழுத்து வரும், அது இஸ்ரேலிய ராணுவ வாகனம் என்பதன் அடையாளம். இவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். டெக்கல் தாளில் இருக்கும் அத்தனையையும் ஒரே டாங்கியில் ஒட்டிவிட்டால் அது எந்தப் படைப்பிரிவிலும் இல்லாத டாங்கியாகிவிடும்.

உங்கள் எம்-51 கிட்டை 1967-க்குத் தாராளமாகக் கட்டலாம், எம்-50 போலவே அதுவும் அந்தப் போரில் களமிறங்கியது. முதலில் உடலையும் சக்கரங்களையும் ஒட்டுங்கள். கோபுரத்தின் எடைக்கட்டியைச் சாயத்துக்கு முன்பே பொருத்தி, இணைப்பில் பசையால் ஒரு மெல்லிய பற்றவைப்புக் கோட்டை இழுத்துவிடுங்கள். நிஜ டாங்கியில் அந்தக் கோடு கரடுமுரடாகத் தெரியும், அதைத் தேய்த்து மழுப்ப வேண்டாம்.